தம்பி அரைத்த தூள்

என் மனைவி யாரையும் எளிதில் நம்பமாட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குணத்துக்குத்தான் அவளுக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். காய்கறி வாங்கப் போனால் கூடையின் மேலே இருப்பதைத் தொடமாட்டாள். அடியில் கையை விட்டு எடுப்பாள். "மேல இருக்குறது காட்டுறதுக்குங்க, கீழ இருக்குறதுதான் விக்கிறதுக்கு" என்பாள். பஸ்ஸில் கூட்டம், அதனால் தாமதம் என்று நான் சொன்னால் என் சட்டையைப் பார்ப்பாள். கூட்டத்தில் நசுங்கி வந்தவன் சட்டை இப்படியா மடிப்புக் கலையாமல் இருக்கும் என்று அவள் கண் கேட்கும். ஒரு முறை அதற்குப் பயந்து, உண்மையிலேயே தாமதமான நாளில், வாசலில் நின்று சட்டையைக் கசக்கிக்கொண்டு உள்ளே போனேன். அதையும் கண்டுபிடித்தாள்.

தொழிற்சாலையில் அவளுக்கு மைக்ரான் என்று பெயர். நேரில் மைக்ரான் அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் மைக்ரான். நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். அவள் ஆய்வகத்தில், நான் ஃபோர்க்லிஃப்டில்.

நாங்கள் செய்வது கறுப்புத் தூள். கைபேசியிலும் மின்சார வண்டியிலும் இருக்கும் லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு தகடுகள் உண்டு. அதில் ஒன்றின்மேல் பூசுவது இந்தத் தூளை. கேத்தோடு என்பார்கள். சார்ஜ் போடும்போது லித்தியம் எங்கள் தூளை விட்டுக் கிளம்பி எதிர்ப்பக்கம் போகும். பேட்டரியைப் பயன்படுத்தும்போது திரும்பி வந்து மறுபடி இதற்குள்ளேயே புகுந்துகொள்ளும். போவதும் வருவதும்தான் அதன் பிழைப்பு.

இதில் தூளின் பருமன் முக்கியம். துகள் பெரிதாக இருந்தால் அதன் நடுவயிற்றிலிருந்து லித்தியம் வெளியே வரவே நேரமாகும். சார்ஜ் ஏறுவதற்குள் விடிந்துவிடும். "அப்படின்னா பொடிப்பொடியா அரைச்சுத் தள்ள வேண்டியதுதானே?" என்று கல்யாணமான புதிதில் கேட்டு, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்று நடந்த பாடத்தில் சாப்பாடு ஆறிப்போனது. பொடியாக அரைத்தால் அத்தனைக்கும் வெளிப்பரப்பு கூடிவிடுமாம். பேட்டரிக்குள் இருக்கும் திரவம் அந்தப் பரப்பு முழுக்கப் பட்டு மெல்ல மெல்ல அரிக்கும். காற்று உண்டாகி பேட்டரியின் வயிறு உப்பும், ஆயுள் குறையும். போதாக்குறைக்கு, பொடி இறுகி அடங்காது. அதே இடத்தில் குறைவாகத்தான் பிடிக்கும். பெரியதும் வேண்டாம், பொடியும் வேண்டாம், சொன்ன அளவில் வேண்டும். பத்து மைக்ரான் சுற்றுவட்டாரத்தில். மனிதத் தலைமுடியை நீளவாக்கில் ஏழெட்டாகப் பிளந்தால் ஒரு கீற்று எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு.

இதைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. ஆய்வகம் நடைபாதையை ஒட்டி, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட அறை. போகிறவர் வருகிறவரெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மேசைமேல் லேசர் கருவி. அதன் தண்ணீரில் சிட்டிகைத் தூளைப் போட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்கள் பிரிவதற்காக ஒரு அதிர்வுக் கருவியை ஓட விடுவாள். அதைச் சோனிக் என்பார்கள். பல் கூசுகிற மாதிரி கீச்சென்று ஒரு சத்தம் போடும். பிறகு லேசர் பார்த்து, திரையில் ஒரு கோடு வரையும். நல்ல தூள் என்றால் நடுவில் ஒற்றை மலை. வலப்பக்கம் மேடு தட்டினால் கட்டி இருக்கிறது என்று அர்த்தம். இடப்பக்கம் மேடு தட்டினால் பொடி. கட்டியை மறுபடி அரைத்துக்கொள்ளலாம். பொடியை ஒன்றும் செய்ய முடியாது. அந்த டிரம்களை நான் தூக்கிக்கொண்டு போய்ச் சிவப்புச் சங்கிலி போட்ட மூலையில் வைத்துவிட்டு வருவேன்.

இந்தத் தொழிற்சாலையின் அரவைப் பிரிவில்தான் அவள் தம்பி வந்து சேர்ந்தான்.

மச்சானைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நல்லவன்தான். ஆனால் அவன் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டு மீதியை விசாரிப்பதுதான் அந்தக் குடும்பத்து வழக்கம். முதல் வேலையை விட்டது மூன்று மாதம் கழித்துத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. அதுவரை தினமும் காலையில் குளித்து, தலைசீவி, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஒழுங்காகக் கிளம்பிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவது வேலை, ஆளைக் குறைத்தபோது போனது. அதையும் அவள் நம்பவில்லை. இப்போது அவனுக்குக் கல்யாணமாகி, அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். எங்கள் ஆலையில் ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் மூன்று முறை தூள் தேறாமல் திரும்பினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தாண்டிவிட்டால் வேலை நிரந்தரம். குழந்தை பிறக்கிற வேளையில் அவனுக்குக் கையில் ஒரு வேலை இருக்குமா இருக்காதா என்பது அந்தத் தூளில்தான் இருந்தது. அந்தத் தூளைப் பார்த்துச் சொல்லப்போகிறவள் அவன் அக்கா.

கேன்டீனில் பேச்சு கிளம்ப ஒரு நாள்கூட ஆகவில்லை. "தம்பி அரைப்பான், அக்கா பாஸ் போடுவா, மாமா தூக்கி லாரில ஏத்துவாரு. குடும்பமாக் கம்பெனி நடத்துறாங்கப்பா" என்று ஒருத்தன் சொல்ல, மேசையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அவள் சிரிக்கவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

அவன் தனியாக அரைத்த முதல் தூள் வந்த அன்று கண்ணாடிக்கு வெளியே வழக்கத்தைவிடக் கூட்டம். அன்று மாலை வீட்டுக்கு வந்து, கைப்பையை மாட்டும்போதே ஆரம்பித்தாள்.

"திருப்பிட்டேங்க."

"யாரை?"

"அவன் தூளத்தான். மொதல்ல பாத்தப்போ வலது பக்கம் லேசா ஒரு வீக்கம். மத்தவங்க தூளா இருந்தா விட்டிருப்பேன். வெளிய ரெண்டு பேரு நின்னு பாத்துட்டே இருக்காங்க. விட்டா என்ன பேசுவாங்க? சரி, கட்டிதானா, ஒட்டிட்டு நிக்குதான்னு பாத்துடலாம்னு சோனிக்க இன்னும் நல்லா ஓட விட்டேன். வலப்பக்க வீக்கம் போச்சு. இடது பக்கம் மேடு கெளம்பிடுச்சு."

"அப்படின்னா?"

"பொடி. பெரிய துகள்ல ஒட்டிட்டு ஒளிஞ்சிருந்திருக்கு. நல்லா ஆட்டினதும் வெளிய வந்துடுச்சு." குரலில் வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. "சல்லடை அடைச்சா நிறுத்தித் தட்டணும்ல? அதுக்குச் சோம்பேறித்தனப்பட்டு, மெசின்ல தூள மோதவிட்டு ஒடைக்கிற காத்தழுத்தத்தக் கூட்டியிருப்பான். எல்லாம் நொறுங்கி, சல்லடையில நிக்காம ஓடிடும். அவனப் பத்தி எனக்குத் தெரியாதா?"

விடுமுறையன்று அவனையும் அவன் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டாள். கூப்பிட்டது சாப்பிட இல்லை என்று எனக்கு முதலிலேயே மூக்கில் வியர்த்தது. இரண்டாம் வாய் எடுப்பதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது.

"அழுத்தம் எவ்வளவுல வச்ச?"

"சொன்ன அளவுலதான்க்கா."

"சல்லடை அடைக்குதேன்னு கூட்டலையே?"

"இல்லக்கா. அடைச்சா நிறுத்தி, தட்டி விட்டுட்டுத்தான் ஓட்டுறேன். கையப் பாரு." சாப்பிடாத கையை நீட்டினான். ரப்பர்ச் சுத்தி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலின் அடியில் தோல் தடித்திருந்தது. விரல் இடுக்கெல்லாம் கறுப்பு.

அவள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கறுப்பு எல்லாருக்குந்தான் ஒட்டும்" என்றாள்.

அவன் மனைவி தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு இப்படியா? ஆனால் டப்பா தூக்கிக்கொண்டு போன அந்த மூன்று மாதம் எனக்கும் நினைவுக்கு வந்தது. சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது முறையும் இடப்பக்கத்தில் மேடு.

அதற்குப் பிறகு அவள் பார்வையே மாறிவிட்டது. டீ இடைவேளையில் அரவை அறையின் சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பாள். உள்ளே அவன் முகமூடியும் காதுமூடியும் போட்டுக்கொண்டு யந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வருவான். அழுத்தமானியின் முள்ளை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். முள் அசையாமல் சொன்ன இடத்தில் நிற்கும். "நான் வர்றது தெரிஞ்சு கொறைச்சு வச்சிருக்கான்" என்று வந்து சொல்வாள். ஒரு நாள் அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டான். அக்கா தம்பி இருவரும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கையசைக்கவில்லை. அவன்தான் முதலில் திரும்பிக்கொண்டான்.

அவனுக்கும் சந்தேகம் முளைத்துவிட்டது. டிரம் ஏற்றும் இடத்தில் என்னைத் தனியாக மடக்கினான்.

"மாமா, அக்காவுக்கு எம்மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். திரையில வர்றதத்தான் சொல்றா."

"மீசை அண்ணனும் நானும் ஓட்டுறது ஒரே மெசினு. அவருக்கு ஒரு தடவகூட திரும்பல. எனக்கு மட்டும் ரெண்டு தடவ. எங்க அக்கா நெனச்சா என்ன வேணா வரவைப்பாளோன்னு இருக்கு மாமா."

"வாய மூடு. அவ அப்படிப்பட்டவ இல்ல" என்று அதட்டினேன். ஆனால் அவன் சொன்னதில் ஒன்று எனக்குள் பிடித்துக்கொண்டது. மீசைக்காரர்.

அவர் மற்ற ஷிப்டில் அதே யந்திரத்தை ஓட்டுகிறவர். பாதி மூடிய கண், பெரிய மீசை, கேட்டதற்கு மட்டும் பதில். இப்படிப்பட்ட ஆட்களை நான் நம்பியதே இல்லை. ஷிப்ட் மாறும்போது யந்திரத்தில் எதையாவது திருகி வைத்துவிட்டுப் போகிறாரோ? அவருடைய சொந்தக்காரப் பையன் ஒருவன் இந்த வேலைக்கு மனுப் போட்டிருந்தான் என்று கேன்டீனில் காதில் விழுந்தது. எனக்கு அது போதும். ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்து வண்டியை அரவை அறை வாசலில் நிறுத்திக்கொண்டு காவல் காத்தேன். அவர் வெளியே வந்து என்னையும் வண்டியையும் பார்த்தார்.

"என்ன வேணும்?"

"சும்மாண்ணே. டயர்ல காத்து பாக்குறேன்."

ஃபோர்க்லிஃப்டுக்குக் காற்றே இல்லாத கட்டி டயர். அது அவருக்கும் தெரியும். மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் அவரும் ஒரு தினுசாகப் பார்க்கத் தொடங்கினார்.

மூன்றாவது தூள் வந்த காலை, மச்சான் தானே பாட்டிலைக் கொண்டு வந்து ஆய்வக ஜன்னலில் வைத்தான். இரண்டு ஷிப்டாகச் சல்லடையைத் தட்டித் தட்டி, யந்திரத்தை அலுங்காமல் குலுங்காமல் ஓட்டி எடுத்த தூள் அது. அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் பாட்டிலைத்தான் பார்த்தாள். சோனிக் கீச்சிடும் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது. நான் வண்டியில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தபோதும் கேட்டுக்கொண்டிருந்தது.

மேடு வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். மேலாளர் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் வெளி வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். கையில் சாப்பாட்டு டப்பா, திறக்காதது. "மச்சான்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். நான் உள்ளே வரக்கூடாத அறை அது.

"திருப்திதானே உனக்கு?"

அவள் கண் சிவந்திருந்தது. "நான் என்னங்க பண்ணட்டும்? திரையில இருக்குறத மாத்தவா சொல்றீங்க?"

"மீசைக்காரன் தூள மட்டும் எப்படி எப்பவும் ஒத்த மலை வருது?"

"நல்லா அரைக்கிறாரு, வருது."

"அவன் தூளையும் இதே மாதிரி பாத்தியா? இந்தச் சனியன இவ்வளவு நேரம் கத்த விட்டுப் பாத்தியா?"

அவள் கருவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாரு. இப்பப் பாரு, என் கண்ணு முன்னால. அப்பத் தெரியும் எவன் திருடன்னு."

எனக்கு வேண்டியது மீசைக்காரரைக் கையும் களவுமாகப் பிடிப்பது. அவளுக்கு வேண்டியது என் வாயை அடைப்பது. அலமாரியில் ஒவ்வொரு தூளிலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருப்பார்கள். போன மாதம் மீசைக்காரர் அரைத்ததில் ஒன்றை எடுத்தாள். தண்ணீரில் போட்டாள். வழக்கமான நேரம் ஓடியதும் திரையில் அழகான ஒற்றை மலை. "பாத்தீங்களா?" என்றாள். "விடு, ஓடட்டும்" என்றேன். ஓட விட்டாள். மறுபடி கோடு வரைந்தது. மலையின் இடப்பக்கம் லேசாகத் தட்டியது. இன்னும் ஓட விட்டாள். மேடு எழுந்து நின்றது.

"மாட்டினான் பாரு!" என்று கத்தியே விட்டேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இந்தத் தூளு எப்பவோ போயாச்சுங்க" என்றாள் மெதுவாக. "வாங்குனவங்க பேட்டரி செஞ்சு பாத்துட்டு, இதே மாதிரியே இன்னும் வேணும்னு கேட்டிருக்காங்க. இதுல பொடி இருக்க முடியாது."

"அப்ப மேடு எங்கேருந்து வந்துச்சு?"

அவள், கருவி சரியாக இருக்கிறதா என்று தினமும் காலையில் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் மாதிரித் தூளை எடுத்தாள். எந்தக் குறையும் இல்லாதது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட தூள் அது. அதையும் போட்டு அதே மாதிரி ஓட விட்டாள். இருவரும் அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டபடி நின்றோம். மேடு வந்தது. அவள் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"அவன் அரைக்கலைங்க. நான் அரைச்சிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதிமுறை அட்டையைக் காட்டினாள். சோனிக் குறைந்தது ஒரு நிமிடம் என்று இருந்தது. அதற்குமேல் எவ்வளவு என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அந்த இரைச்சலை யார் அதற்குமேல் கேட்டுக்கொண்டு நிற்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். "இது ஒத்தக் கல்லு இல்லைங்க. குட்டிக் குட்டி மணியா உலையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருண்டையா ஆனது. ரொம்ப ஆட்டினா உருண்டை ஒடைஞ்சிடும். எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன். வேற யாரு தூளுன்னாலும் மொத நாளே தோணியிருக்கும்."

அதற்குமேல் பேச முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் தோளில் கை வைத்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளைக் கடித்துக் குதற வந்தவன்தான் நான்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் முழுவதையும் கேட்டார். அவள் முடித்ததும் பேனாவை மூடினார்.

"தம்பி கேட்டைத் தாண்டினதும் கருவி கெட்டுப்போச்சா?"

"கருவி கெடல சார். நான் ஓட்டினதுதான் தப்பு."

"எனக்குச் சின்ன வயசுலயே காது குத்தியாச்சும்மா." என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "மூணு தடவ நீங்களே கையெழுத்துப் போட்டீங்க. இப்ப வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டதும் தூளு நல்லதாயிடுச்சு."

தம்பியைக் காப்பாற்றுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்றுதான் அவள் அத்தனையும் செய்தாள். கடைசியில் அதே பேச்சை, உண்மையைச் சொல்லப் போன இடத்தில் கேட்டாள். நான் நடுவில் வாயைத் திறந்தேன்; அவள் என்னைப் பேச விடவில்லை.

"நீங்களே பண்ணிப் பாருங்க சார். நான் எதையும் தொடல."

அவர் தன் அறை அலமாரியைத் திறந்து, மூடி பிரிக்காத மாதிரித் தூள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். என்னை நடைபாதையிலேயே நிற்கச் சொன்னார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் மேசையிலிருந்து தள்ளி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவரே தண்ணீரை மாற்றினார், அவரே தூளைப் போட்டார். சோனிக்கை ஓட விட்டு, காதைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்தார். என் பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. மீசைக்காரர். "என்ன ஆச்சு?" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

உள்ளே திரையில் இடப்பக்கம் மேடு எழுந்ததும் மேலாளர் காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு வெளியே வந்து மச்சானின் கைபேசிக்கு அழைத்தார். அவன் எடுக்கவில்லை. "நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார். இரண்டடி போனவர் திரும்பி, "அவன் தூளுக்கு மட்டும் ஏம்மா அவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"நீங்கல்லாம் என்னச் சந்தேகப்படுவீங்கன்னுதான் சார்."

"நான் ஒரு நாளும் உங்களச் சந்தேகப்பட்டதில்லையே" என்றார். அது உண்மைதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

சாயங்காலம் மச்சான் வீட்டுக்குப் போனோம். மாடியில் ஒற்றை அறை, ஓரமாகத் தடுத்த சமையலிடம். கட்டில்மேல் சின்னச் சின்னத் துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சமையலிடத்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

என் மனைவி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மென்று விழுங்கவில்லை, பூசி மெழுகவில்லை. தூள் நல்ல தூள், நான்தான் உடைத்தேன், மூன்று தடவையும் நான்தான், நாளைக்கு வேலைக்கு வா. அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவன் கட்டில் விரிப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டான். கேட்டு முடித்ததும் கேள்வி கேட்டான்.

"மீசை அண்ணன் தூளுக்கு எவ்வளவு நேரம் ஓட்டுவ?"

"ஒரு நிமிஷம்."

"மத்தவங்களுக்கு?"

"அதேதான்."

"எனக்கு மட்டும் ஏன்க்கா?"

"ஊரு என்ன பேசும்னு பயந்துட்டேன்டா. தம்பிங்கறதால அக்கா விட்டுட்டான்னு சொல்லிடுவாங்கன்னு..."

"அது மொத தடவ. ரெண்டு தடவ திருப்பினதுக்கு அப்புறம் எவன் உன்னப் பேசினான்? மூணாவது தடவ எதுக்கு ஓட்டின?" இப்போது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். "ஊருக்குப் பயந்து ஓட்டினியா, என்னச் சந்தேகப்பட்டு ஓட்டினியா? நெஜத்தச் சொல்லு."

ஊருக்குத்தான் என்று சொல்லிவிடு, சொல்லித் தொலை என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவன் மனைவியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"உன்னச் சந்தேகப்பட்டுத்தான்" என்றாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. உதடு கோணிக்கொண்டது. "இதுக்காச்சும் ஒரு பொய் சொல்லியிருக்கலாமேக்கா" என்றான்.

மறுநாள் வேலைக்கு வந்தான். சோதனைக் காலம் முடிந்து வேலை நிரந்தரமாயிற்று. விதிமுறை அட்டையில் அதிகபட்சம் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதினார்கள். மேலாளரிடம் அவன் ஒன்று மட்டும் கேட்டிருந்தான்: தன் தூளை அக்கா பார்க்கக் கூடாது. அவர் அது முறையும்கூட என்று உடனே ஒப்புக்கொண்டார். அவனுடைய பாட்டில்கள் அடுத்த ஷிப்ட் ஆளுக்குப் போயின. என்னைப் பார்த்தால் "மாமா" என்பான். சாப்பிட்டாச்சா என்று கேட்பான். எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. கூப்பிட்டால் "பாக்கலாம் மாமா" என்பான். அவள் போனில் அழைத்தால் அவன் மனைவி எடுத்து, அவர் தூங்குகிறார் என்பாள்.

ஒரு நாள் காலை மீசைக்காரர் தன் தூள் பாட்டிலை ஆய்வக ஜன்னலில் வைக்க வந்தார். நான் வண்டியோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். பாதி மூடிய கண்ணை அன்று முழுசாகத் திறந்திருந்தார்.

"உங்க தம்பிக்குப் பொண்ணு பொறந்திருக்கு போல. வாழ்த்துகள்மா. நேத்துப் போயிப் பாத்துட்டு வந்தேன்."

அவள் பாட்டிலை வாங்குவதற்கு நீட்டிய கை அப்படியே நின்றது. எங்களுக்குத் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன்.

"எடை எவ்வளவாம்?" என்று கேட்டாள்.

மீசைக்காரருக்குத் தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றார்.